ஏழாம் பக்கத்துப் பூசை

மிஸ், முதலில் ஏழாம் பக்கத்தை எடுங்கோ. கொழும்பிலிருந்து அமைச்சு உங்கள் சிறுவர் நன்னடத்தைக் கந்தோருக்கு அனுப்பிய வழக்குக் கட்டிலே ஏழாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. "ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பன் தாய்க்காகப் பூசை நடத்துவார் எனப் பிள்ளை தெரிவித்தது." அந்த வரியைத் திருத்தாமல் நாளைக்கு என் பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதேங்கோ. அந்த ஒரு வரியால்தான் லியானாவை ஜேர்மனிக்கு, அவளுடைய தகப்பனிடம் திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

போன கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னீங்கள், "கதைக்கேக்கை அழுறீங்கள், ஒண்டும் விளங்கேல்லை. ஆறுதலா இருந்து எழுதித் தாங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ" என்று. நான் பதின்மூன்று வருடம் கொன்வென்ட்டில் படித்தவள். விடாதே என்றால் விடமாட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போக முதல் பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுவா எங்கள் சிஸ்டர் பெனடிக்ரா. ஒன்றை மறைத்தால் மற்றதும் செல்லாது என்பா. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன். நீங்கள் எல்லாவற்றையும் வாசியுங்கோ.

பூசைக்கு வருகிறேன்.

நீங்கள் சைவம். உங்களுக்குப் பூசை என்றால் கோயில், மணி, தீபம். நாங்கள் வேதக்காரர். எங்களுக்கும் பூசை என்றால் கோயில்தான், ஞாயிறு காலைப் பூசை. ஆனால் நீங்களும் நானும் யாழ்ப்பாணத்து ஆட்கள் மிஸ். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவனைப் பின்னி எடுத்தால் என்ன சொல்லுவோம்? "அவனுக்கு நல்ல பூசை விழுந்தது." சொல்லுவோமா இல்லையா? என் மனுசன் எட்மன் அந்தப் பூசையைத்தான் எனக்குத் தந்தவர். "உனக்கு இண்டைக்குப் பூசைதான்" என்பார். காலையில் கோயிலில் ஒரு பூசை, மத்தியானம் வீட்டில் ஒரு பூசை. அது அவருடைய பகிடி. சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். பிள்ளை அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். அவளுக்கு வீட்டில் அந்தக் காரியத்துக்கு வேறு சொல் இல்லை.

அவளுக்கு அப்போது நாலரை வயது. அங்கத்தைய பிள்ளைகள் காரியாலயத்தில் ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி, "வீட்டிலை அப்பா என்ன செய்வார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லியிருக்கிறாள், "ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாக்குப் பூசை குடுப்பார்." பக்கத்தில் மொழிபெயர்க்க இருந்தது அபிரா என்று ஒரு பெட்டை. அங்கேயே பிறந்து வளர்ந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் போட்டியில் கப் எடுத்த பிள்ளையாம். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அடி வாங்கிய தமிழ் தெரியாது. பூசை என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த ஜேர்மன் மனிசியும் சந்தோசமாக எழுதிக்கொண்டுவிட்டா. பிறகு அது ஆங்கிலத்துக்குப் போய், கொழும்பில் திரும்பத் தமிழுக்கு வந்திருக்கிறது. மூன்று தரம் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்த என் பிள்ளையின் பேச்சில் எட்மன் ஒரு பக்திமான்.

அதற்கு அடுத்த வரியையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். "தாய் கோடு கீறும் அடிமட்டத்தால் கையில் அடிப்பதாகவும் பிள்ளை தெரிவித்தது." அதில் மட்டும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, பாருங்கோ. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பூசை எப்படி நடக்கும் என்று எழுதுகிறேன். இதை வாயால் சொல்ல எனக்கு வராது.

முதலில் யன்னலைப் பூட்டுவார். பிறகு கைச்சங்கிலியைக் கழற்றி மேசையில் வைப்பார், அது என் முகத்தைக் கிழிக்கக்கூடாது என்று. முகத்தில் காயம் இருந்தால் திங்கட்கிழமை ஆட்கள் கேட்பார்களே. அப்படி யோசித்துச் செய்கிறவர். குடிவெறியில் செய்தார் என்று ஒருவரும் சொல்லவேண்டாம். வெறி பிறகுதான், களைப்புக்கு.

ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது மிஸ். சட்டம். சுவரில் ஆணிகூட அடிக்கக்கூடாது. எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு வயதுபோன மனிசி. ஒருநாள் எட்மன் என்னைத் தலைமயிரில் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போக, கதிரை விழுந்துவிட்டது. கீழேயிருந்து தும்புத்தடியால் டக் டக் என்று தட்டினா. எட்மன் என்னை அப்படியே விட்டுவிட்டு, சேட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு கீழே போனார். நான் நினைத்தேன், கடவுளே, அந்த மனிசி பொலிசுக்குப் போன் அடிக்கப்போகிறா. ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மனிசி சொல்லுது, ஞாயிற்றுக்கிழமையிலை தளபாடம் இழுக்கக்கூடாதாம்."

அதற்குப் பிறகு நிலத்தில் கம்பளியை விரித்துப்போட்டுத்தான் அடிப்பார். விரிக்கிறதும் நான்தான். "விரியடி" என்பார், விரிப்பேன்.

என்னுடைய வலக்கையில் இரண்டு விரலுக்கு நகம் சரியாக முளைக்கவில்லை. நீங்கள் பார்த்தீங்கள், கேட்கவில்லை. அது கரண்டி லாச்சியால் வந்தது, குசினி மேசையின் இழுப்பறை. கையை உள்ளே வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தபடியால் வைத்தேன். லாச்சியைக் காலால் உதைத்து மூடினார். கத்தக்கூடாது என்று நான் மேசைத் துணியைக் கடித்துக்கொண்டு நின்றேன். லியானா வாசலில் நின்றாள். கையில் பாண் துண்டு. அவர்தான் அவளுக்கு வெட்டி, பட்டர் பூசிக் கொடுத்திருந்தார், அதற்குச் சற்று முதல். அவள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் முதல் வாங்கில் இருந்து வேத வாசகம் வாசிப்பேன். தமிழ்ச் சபையில் எல்லாருக்கும் என் வாசிப்புப் பிடிக்கும். எட்மன் பின்னால் கைகட்டிக்கொண்டு நிற்பார்.

இனி அடிமட்டம். நீங்கள் விடாதே என்றீர்கள்.

லியானா இடக்கைக்காரி. சாப்பிடுவது, படம் கீறுவது எல்லாம் இடக்கை. நானும் பிறவியில் அப்படித்தான். முதலாம் வகுப்பில் சிஸ்டர் பெனடிக்ரா மேசைமேல் என் இடக்கையை விரித்து வைக்கச் சொல்லி, அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொளியில் தட்டுவா. தட்டுவா என்றால் இரத்தம் கன்றிப்போகும். நான் இரண்டு மாதத்தில் திருந்திவிட்டேன். இப்போது என் எழுத்தைப் பாருங்கோ மிஸ். லாச்சிக்குள் நசிந்த கையால் எழுதுகிறேன், ஆனாலும் கோட்டை விட்டு ஒரு எழுத்து இறங்கவில்லை. அதெல்லாம் சிஸ்டர் தந்தது. அவ செத்தபோது நான் அழுதேன். அடித்தவர்களுக்காக ஆர் அழுவார்கள்? அது அடி இல்லை, வளர்ப்பு. எட்மன் எனக்குச் செய்ததையும் நான் பிள்ளைக்குச் செய்ததையும் ஒரே சொல்லால் எழுதியிருக்கிறார்கள். அடி, அடி. தமிழில் சொல்லுக்கு இவ்வளவு பஞ்சமா?

அந்தக் கார்த்திகை மாதம் லியானாவின் கை கொஞ்சம் வீங்கிவிட்டது. கொஞ்சம்தான். கிண்டர்கார்டனில் களிமண் பிசையக் கொடுத்திருக்கிறார்கள், இவள் கையை மூடிக்கொண்டு மாட்டேன் என்றிருக்கிறாள். அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும், ஒரு பெரிய கையும் அதற்கு மேலே சிவப்புக் குறுக்குக்கோடும். பிள்ளைக்கு அடிக்கப்படாமல் வளர உரிமை உண்டு, அது உலகத்துச் சட்டமாம். ரீச்சர் அந்தப் படத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறா. இவள் எல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் காரியாலயம். அபிரா. ஏழாம் பக்கம்.

அந்தக் காரியாலயத்தில் எட்மன் எனக்காகப் பரிந்து பேசினார் மிஸ். "அவ ஊரிலை கொன்வென்ட்டிலை வளந்தவ, அங்கத்தைப் பழக்கம், நான் கவனமாப் பாத்துக்கொள்ளுறன்" என்று நல்ல ஜேர்மனில் சொன்னார். கிழமைக்கு ஒருதரம் ஒரு மனிசி வந்து என்னைப் பார்ப்பா என்று தீர்மானித்தார்கள். வந்தா. வியாழக்கிழமைகளில் வந்தா. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை.

தை மாதம் பல்கனி நடந்தது. "என்ரை பிள்ளையின்ரை கையை உடைக்கப் பாத்தனியே, என்ரை மானத்தையும் வாங்கிப்போட்டாய்" என்று தொடங்கினார். நாலாம் மாடி. வெளியே பனி. சட்டையோடு என்னைத் தள்ளி, கண்ணாடிக் கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டார். அதற்கு முதல் வயிற்றில் உதைத்தது, அது உங்களுக்குத் தேவையென்றால் டொக்டரின் துண்டு இருக்கிறது, மூன்று மாதக் கரு, எழுத விரும்பவில்லை. நான் பனியில் இருந்தேன். காலுக்கிடையால் இரத்தம் வந்து பனியில் விழுந்தது. அவர் கண்ணாடிக்கு உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்தார். பிள்ளை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு தரமும் மெதுவாக, நோகாமல், அவள் நாடியைப் பிடித்து ரீவீப் பக்கம் திருப்பினார்.

நோகாமல். அதைக் கவனியுங்கோ. எனக்கு அதுதான் நித்திரையிலும் வருகிறது.

பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை, அம்மாவுக்குச் சுகமில்லை என்று பொய் சொல்லி, இரண்டு கிழமை ரிக்கெற்றில் பிள்ளையோடு வந்தேன். திரும்பிப் போகவில்லை. பதினொரு மாதம் ஆகிறது. வாசலில் ஓட்டோ நின்றால் நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடுகிறேன். அம்மா பேசுகிறா, "பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திருந்தால் இப்ப சிற்றிசன் கிடைச்சிருக்கும்" என்று. அவர் ஒருதரம் மட்டும் அழைத்தார். "பயப்பிடாமல் வா, பல்கனிக் கதவு துறந்துதான் கிடக்கு." அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு அந்தக் கட்டு வந்தது. பிள்ளை கடத்தல் என்று தலைப்பு. வயிற்றில் சுமந்தவள் கடத்தினாளாம். நாடுகளுக்கிடையில் ஒப்பந்தமாம், ஒரு நாட்டிலிருந்து கொண்டுபோன பிள்ளையை மற்ற நாடு திருப்பி ஒப்படைக்கவேணுமாம். நீங்கள் எனக்குச் சிறுவர் உரிமைச் சமவாயப் புத்தகம் ஒன்று தந்துவிட்டுப் போனீங்கள். நான் ஞானோபதேசம் பாடமாக்குகிற மாதிரி அதை முழுவதும் பாடமாக்கிவிட்டேன். ஒன்பதாம் உறுப்புரை, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது. அது எனக்கு. பன்னிரண்டாவது, பிள்ளை சொல்வதைக் கேட்கவேண்டும். அது நாளைக்கு. பத்தொன்பதாவது, பெற்றோர் பிள்ளையைத் துன்புறுத்தாமல் அரசாங்கம் காப்பாற்றவேண்டும். அது எட்மனுக்கு. பென்சிலால் பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நீங்கள் கேட்டது ஞாபகமா? "அவர் பிள்ளைக்கு அடிச்சவரோ?"

நீங்கள் மெதுவாகச் சொன்னீங்கள், "தங்கச்சி, திருப்பி அனுப்பினால் பாரதூரமான ஆபத்து இருக்கெண்டு காட்டினால் கோட்டிலை நீதிபதி யோசிப்பார். ஆனால் உங்களுக்கில்லை, பிள்ளைக்கு ஆபத்தெண்டு காட்டவேணும். விளங்குதே?"

விளங்கியது. என்னை எத்தனை தரம் உதைத்தாலும் காணாது. அவளுக்கு ஒன்று விழுந்திருக்கவேண்டும். விழவில்லை மிஸ். ஒன்றுகூட விழவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு திரிவார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகமாட்டார். அந்தப் பிள்ளைக்கு முன்னால் என் கையை நசித்தாரே, அது அவள்மேல் விழுந்த அடி இல்லையா? ஒரு பிள்ளை பாணைச் சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார்க்கப் பழகியது ஆபத்து இல்லையா? அதற்கு எந்த உறுப்புரை என்று தேடினேன். இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஆனால் கோட்டில் அதை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க ஆருக்கு நேரம்? அடி என்றால் எல்லாருக்கும் விளங்கும். எல்லா மொழியிலும் விளங்கும்.

அதனால் இந்தக் கிழமை முழுவதும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொய் இல்லை, மொழிபெயர்ப்புத்தான். அபிரா பிழையாகச் செய்ததை நான் சரியாகச் செய்தேன். இன்றைக்கு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, குசினி வாங்கில் இருத்தி, உங்களை மாதிரிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்டேன்.

"அப்பா என்ன செய்தவர்?"

"அப்பா அம்மாக்குப் பூசை குடுத்தவர்."

"பூசை எண்டு சொல்லக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அடிச்சவர்."

"அப்பா அம்மாக்கு அடிச்சவர்."

"கெட்டிக்காரி. பிள்ளைக்கு?"

"எனக்கு அடிக்கேல்லை."

"அடிச்சவர். நீ சின்னப்பிள்ளை, மறந்திட்டாய்."

"மறக்கேல்லை. அப்பா எனக்குப் பாண் வெட்டித் தந்தவர். தோலெல்லாம் எடுத்திட்டுத் தந்தவர்."

"லியானா."

"அப்பா பாவம்," என்றாள்.

பாவமாம். நான் எழும்பினேன். அலுமாரிக்கு மேலே அடிமட்டம் இருந்தது. அம்மா முற்றத்திலிருந்து, "உந்தப் பிள்ளையை என்னத்துக்கடி போட்டு வதைக்கிறாய், நாளைக்கு ஆக்கள் வருகினம்" என்று கத்தினா. ஆட்கள் வருகிறார்கள் என்றுதான் செய்கிறேன் என்று நானும் கத்தினேன். லியானாவின் இடக்கையை வாங்கில் விரித்து வைத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. வலக்கையைத் தொடவில்லை, அது எழுதுகிற கை. முதலில் கத்தினாள், பிறகு சத்தம் வரவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அவளைப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குப் பல்கனிதான் தெரிந்தது. நாலாம் மாடி, பனி, இந்தமுறை வெளியில் நிற்பது நான் இல்லை, இவள். இவள் பெரியவளாவாள், இவளுக்கும் ஒருநாள் அவர் யன்னலைப் பூட்டுவார், கம்பளியை விரி என்பார், அப்போது நான் எங்கே இருப்பேன்? அதை நினைத்து நினைத்துத்தான் அடித்தேன். ஒவ்வொரு அடியும் அவள் அங்கே போகக்கூடாது என்றுதான். அடிமட்டம் உடைந்தபோதுதான் நின்றேன்.

தண்ணீர் குடிக்கக் கொடுத்தேன். அவள் வலக்கையால் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள். பாதித் தண்ணீர் சட்டையில் ஊற்றுப்பட்டது. பிறகு நான் கேட்காமலே சொன்னாள்.

"அப்பா எனக்கு அடிச்சவர்."

மிஸ், எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன செய்வாள் என்று பார்ப்போம் என்று கேட்டேன், "எங்கை அடிச்சவர்?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். இடக்கையை நீட்டினாள்.

"இஞ்சை."

"எதாலை?"

"அடிமட்டத்தாலை."

எவ்வளவு விபரமாகச் சொன்னாள் பாருங்கோ. ஒரு தடுமாற்றம் இல்லை. இதைக் கேட்டால் எந்தக் கோட்டு நீதிபதியும் நம்புவார். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டேன்.

"எப்ப அடிச்சவர்?"

"இப்ப."

"இப்ப இல்லையடி குஞ்சு, அப்ப. ஜேர்மனியிலை இருக்கேக்கை. அப்ப எண்டு சொல்லு."

"இப்ப," என்றாள்.

பிறகு எத்தனை தரம் கேட்டும் இப்ப, இப்ப என்றுதான் சொன்னாள். அவளுக்கு நேற்று, நாளை, அப்ப, இப்ப எல்லாம் இன்னும் குழப்பம் மிஸ், ஆறு வயதுதானே. திரும்பவும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், அப்படியே வாங்கில் நித்திரையாகிப்போனாள். நாளைக்கு அவள் "இப்ப" என்று சொன்னால், நீங்கள் "அப்ப" என்று எழுதிக்கொள்ளுங்கோ.

ஒரு எழுத்துத்தானே, மிஸ்.